சுட்டியைப் பிடித்தல்: திரைப்பதிவில் தொலைந்துபோகும் கை பற்றி

1

கணினித் திரையைப் படமாகப் பதிவுசெய்து பாடம் நடத்துவது இன்று ஊரெங்கும் பரவிவிட்ட வழக்கம். ஒரு குரல் பேசுகிறது. திரையில் ஒரு பட்டியல் தானாகத் திறக்கிறது, ஒரு சொல் நீலமாகிறது, ஒரு சன்னல் மூடிக்கொள்கிறது. திறந்தது எந்தக் கை, மூடியது எந்தக் கை என்பது மட்டும் தெரிவதில்லை. அம்புக்குறி பதிவில் விழவில்லை. சில பதிவுகளில் அது விழுந்திருக்கிறது, ஆனால் உரிய இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிற்கிறது. சிலவற்றில் இரண்டு அம்புகள், ஒன்று நிஜம், மற்றது அதன் பேய். இன்னும் சிலவற்றில் அம்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம். லினக்ஸில் திரைப்பதிவு செய்கிறவர்களுக்கு இவை எல்லாமே பழகிய தொந்தரவுகள்.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமமொன்றில் இருந்துகொண்டு, பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாமல், கைபேசித் திரையில் அந்தப் பாடத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது கோளாறு மட்டும்தானா? "எங்கிட்டு அமுக்குனாரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யாருமில்லை. வகுப்பறையில் ஆசிரியரின் விரல் செய்த வேலையைப் பதிவில் அந்தச் சிறிய அம்பு ஒன்றுதான் செய்கிறது. அது போனால் பாடத்திலிருந்து கை போய்விடுகிறது. மிச்சமிருப்பது ஒரு குரலும், தானாக இயங்கும் ஒரு பொருளும். உழைப்பின் தடயம் அழிந்துபோன பொருள் தானே உயிர்பெற்றதுபோல் ஆடும் என்று சரக்கு பற்றி மார்க்ஸ் சொன்னதை வாசித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

சுட்டுகிற கை எப்படிப் படத்துக்கு வெளியே போனது? அதை உள்ளே கொண்டுவர என்னென்ன செய்தார்கள்? கொண்டுவந்தபோது என்னென்ன சிக்கல்கள் கூடவே வந்தன? இந்த வரலாற்றைத்தான் இங்கே பேசவேண்டியிருக்கிறது.

2

தமிழில் சுட்டு என்பது இலக்கணத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அ, இ, உ ஆகிய மூன்று உயிர்களையும் சுட்டு என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே பேர்சொல்லி வைத்துவிட்டது. இ அருகிலிருப்பதற்கு, அ தொலைவிலிருப்பதற்கு. நடுவில் இருப்பதற்கான உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் செத்துப்போய், யாழ்ப்பாணத்துத் தமிழில் உவன், உது என்று இன்றும் உயிரோடிருக்கிறது. நம்ம பக்கத்தில் அங்கிட்டு, இங்கிட்டு, அந்தா, இந்தா என்று சுட்டுக்குத் தனிக்குடும்பமே உண்டு. 'அந்தா' என்று சொல்லும்போது கை தன்னால் நீளும். கை நீளாத 'அந்தா' பாதிச்சொல்.

பள்ளி இலக்கணம் இன்னொரு பிரிவினையும் சொல்லித்தந்திருக்கிறது. இவன், அவன் என்பவற்றில் சுட்டெழுத்தைப் பிரித்தெடுத்தால் மிச்சம் பொருள்படாது, அது அகச்சுட்டு. அக்கடல், இம்மலை என்பவற்றில் சுட்டை எடுத்துவிட்டாலும் கடலும் மலையும் அப்படியே நிற்கும், அது புறச்சுட்டு. இந்த இரண்டு சொற்களும் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

ஒரு படத்தின் முன்னால் நின்று சுட்டிக்காட்டிச் சொல்லித்தருவதும் இங்கே பழைய வழக்கம். அருப்புக்கோட்டைக்கு வடக்கே, மதுரையை ஒட்டிய திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபத்தைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டுகிறது. அங்கே ஓவியத்தைப் பார்க்கவந்தவர்களில் தெரியாதவர்கள் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் இது பூனை உருவெடுத்த இந்திரன், இவள் அகலிகை, இவன் கவுதமன் என்று ஒவ்வொன்றாகச் சுட்டி விளக்குகிறார்கள். ஓவியங்கள் அழிந்துவிட்டன. பாட்டில் எஞ்சியிருப்பது சுட்டுச்சொற்களும், அவற்றோடு நீண்டிருக்க வேண்டிய கைகளும்தான். படம் போய்ச் சுட்டு மட்டும் மிஞ்சியது அங்கே. சுட்டு போய்ப் படம் மட்டும் மிஞ்சுவது இங்கே.

திண்ணைப் பள்ளியில் கை இன்னும் நெருக்கம். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை ஓட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தையும் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையையும் எடுத்துக்கொண்டு போய் 1797இல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பேர். ஆக, விரலால் கற்பிக்கும் முறையை நாம் ஒருகாலத்தில் ஏற்றுமதியே செய்திருக்கிறோம்.

ஆனால் எல்லார் விரலையும் வாத்தியார் பிடித்தாரா? இல்லை. திண்ணைக்கு ஏறமுடியாத பிள்ளைகள் இருந்தார்கள். ஏறினாலும் தொடப்படாத பிள்ளைகள் இருந்தார்கள். கை நெருக்கமாக இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும்போது, அந்த நெருக்கம் சாதியால் அளந்து கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பள்ளி பிடிக்காத விரல்களை அரசு வேறுவிதமாகப் பிடித்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரை, முகவைப் பக்கத்து மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். முழுச் சமூகங்களின் விரல்களை மையில் அமுக்கித் தாளில் பதித்த சட்டம் அது. அந்தப் பதிவை எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டுக்கொன்றது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. கையைப் 'பதிவுசெய்வது' என்ற சொல்லுக்கு இந்த வறண்ட மண்ணில் இப்படி ஒரு கசப்பான பொருளும் உண்டு. சுட்டுவிரலை நாம் ஆட்காட்டி விரல் என்கிறோம். ஆட்காட்டி என்றால் காட்டிக்கொடுக்கிறவன் என்றும் அர்த்தம். வழிகாட்டவும் காட்டிக்கொடுக்கவும் ஒரே விரல்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு கணினிக்குள் போவோம்.

3

நாம் சுட்டி என்று மொழிபெயர்த்துக்கொண்ட மவுஸை டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்தார். 1964 வாக்கில் மரக்கட்டையில் அதைச் செய்துகொடுத்தவர் அவரோடு வேலைசெய்த பில் இங்கிலீஷ். காப்புரிமை 1970இல் எங்கல்பார்ட்டின் பேரில் வந்தது. (கட்டையைச் செதுக்கிய கையின் பேர் அந்தக் காப்புரிமையில் இல்லை.) 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் தன் கணினியைப் பேரவை முன் இயக்கிக்காட்டினார். பெரிய திரையில் அவர் முகமும் கணினித் திரையும் ஒளிப்பதிவுக் கருவிகளால் கலந்து காட்டப்பட்டன. திரைப்பதிவு வழிப் பாடத்தின் முதல் முன்மாதிரி என்று அந்த நிகழ்ச்சியைச் சொல்லலாம். அதில் சுட்டுப்புள்ளி தொலையவில்லை, ஏனென்றால் கண் பார்க்கும் கண்ணாடியையே கேமரா பார்த்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பதிவிலும் தெரிந்தது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் பிறக்கிறது. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆல்ட்டோ என்ற கணினி வந்தது. அதில் திரை முழுவதும் நினைவகத்தில் புள்ளிகளாக எழுதிவைக்கப்பட்ட ஒரு படம். அம்பு நகரும்போதெல்லாம் அடியிலிருக்கும் படத்தை அழித்து, திரும்ப வரைந்து, மறுபடி அழித்து என்று போனால் கணினி திணறிவிடும். ஆகவே பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள் கொண்ட அம்பைத் தனியாக ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, படம் திரைக்குப் போகிற கடைசி நொடியில் அதன்மேல் ஒட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான கணினிகளில் இதே ஏற்பாடுதான். இன்றைய வரைகலை அட்டைகளில் அம்புக்கென்று தனித்தளம் இருக்கிறது, பலவற்றில் அறுபத்துநாலுக்கு அறுபத்துநாலு புள்ளி அளவில்.

இதன் விளைவு என்ன? திரையின் படம் நினைவகத்தில் இருக்கிறது, அந்தப் படத்தில் அம்பு இல்லை. நாம் திரையில் காண்பது, படமும் அம்பும் கண்ணாடியில் சந்தித்துக்கொள்ளும் ஒரு நொடிச் சேர்க்கை. பதிவு மென்பொருள் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அது நினைவகத்தை நகலெடுக்கிறது. இலக்கணத்தின் சொல்லில் சொன்னால் அம்பு ஒரு புறச்சுட்டு. எடுத்துவிட்டாலும் கடல் கடலாகவே நிற்கும். ஆகவே எடுபட்டதே தெரியாது. பதிவுசெய்கிறவர் தன் திரையில் அம்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார், பார்க்கிறவருக்கு அம்பே இல்லை. அவர் "இங்கே பாருங்கள்" என்கிறார். எங்கே?

4

லினக்ஸில் நீண்டகாலம் திரையை ஆண்டது எக்ஸ் விண்டோ அமைப்பு. அதன் பதினோராவது பதிப்பு 1987இல் வந்து முப்பதாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறது. திரையை நகலெடுக்கும் கட்டளையைப் பற்றி அதன் நெறிமுறை ஆவணம் பேசுமிடத்தில், திரும்பக் கிடைக்கும் படத்தில் சுட்டியின் உருவம் இராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதாவது கை விடுபட்டது விபத்தல்ல, விதி. மென்பொருள் கேட்டால் சுட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று எக்ஸ் சொல்லும். எந்த உருவத்தில் இருக்கிறது என்று சொல்லாது. அம்பா, எழுத்துக்கிடையில் நிற்கும் செங்குத்துக் கோடா, இணைப்பைத் தொடும் கைவிரலா, காத்திருக்கச் சொல்லிச் சுழலும் வட்டமா என்பது தெரியாது.

இடம் தெரியும், உருவம் தெரியாது என்ற இந்த நிலையில் பழைய பதிவு மென்பொருள்கள் ஒரு குறுக்குவழி கண்டன. தாங்களே ஒரு பொய் அம்பை வரைந்து அந்த இடத்தில் வைத்தன. ரெக்கார்ட் மை டெஸ்க்டாப் என்ற மென்பொருளில் கறுப்பா வெள்ளையா என்று பொய் அம்பின் நிறத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதிகூட இருந்தது. பொய்க்கை, ஆனால் சரியான இடத்தைக் காட்டும் பொய்க்கை. அது ஓரளவுக்கு வேலைசெய்தது. ஆனால் சுட்டியின் உருவமே ஒரு செய்தி என்பதை அது விட்டுவிட்டது. அம்பு கோடாக மாறினால் இங்கே எழுதலாம் என்று பொருள், விரலாக மாறினால் இங்கே அமுக்கலாம் என்று பொருள். பொய் அம்புக்கு எப்போதும் ஒரே முகம்.

2003இல் கீத் பேக்கார்டு எக்ஸ்ஃபிக்சஸ் என்ற நீட்சியைக் கொண்டுவந்தார். பேரே சொல்கிறது, எக்ஸின் பழைய குறைகளுக்கு ஒட்டுப்போடுவது. சுட்டியின் இப்போதைய உருவத்தைக் கேட்டு வாங்குவது அதன்மூலம் சாத்தியமானது. எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவிகள் நகலெடுத்த படத்தின்மேல் அந்த உருவத்தை ஒட்டத் தொடங்கின. இன்றும் எஃப்எஃப்எம்பெக்கில் எக்ஸ் திரையைப் பிடிக்கும்போது சுட்டியை வரைவதா வேண்டாமா என்பதற்குத் தனி விசை இருக்கிறது, சும்மா விட்டால் வரையும்.

ஒட்டுவதில்தான் நுட்பங்கள். முதலாவது, சுடுபுள்ளி. ஒவ்வொரு சுட்டி உருவத்திலும் உண்மையில் தொடும் புள்ளி ஒன்றுதான். அம்புக்கு அதன் நுனி, கூட்டல் குறிக்கு அதன் நடு. எக்ஸ் தரும் இடம் இந்தப் புள்ளியின் இடம். உருவத்தை ஒட்டும்போது மூலையிலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவைக் கழிக்கவேண்டும். கழிக்க மறந்த மென்பொருளில் அம்பைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அம்பின் நுனி மூலையிலேயே இருப்பதால். கூட்டல் குறி வந்ததும் பாதி அளவு தள்ளி நிற்கும். ஆகவே இந்தக் கோளாறு பாதிப் பாடம் போனபிறகுதான் வெளியே வரும். இரண்டாவது, ஒளிபுகும் தன்மை. அம்பின் ஓரங்கள் பாதி ஒளி புகுவன. எக்ஸ்ஃபிக்சஸ் தரும் நிறம் ஏற்கெனவே ஒளிபுகும் அளவால் பெருக்கப்பட்டது. இன்னொருமுறை பெருக்கினால் ஓரத்தில் கரி படியும்; ஒளிபுகும் அளவையே விட்டுவிட்டால் சுற்றிலும் கறுப்புக் கட்டம். மூன்றாவது, ஒவ்வொரு புள்ளியையும் முப்பத்திரண்டு பிட் என்று எண்ணி எழுதியவர்கள் அறுபத்துநாலு பிட் கணினியில் ஏமாந்தார்கள். அங்கே ஒவ்வொரு புள்ளியும் இரட்டிப்பு இடத்தில் உட்கார்ந்திருக்கும். தெரியாமல் படித்தால் அம்பு கிழிந்த துணியாகும். நான்காவது, திரையைப் பெரிதாக்கிக் காட்டும் அளவீடு. படத்துக்கு ஒன்றரை மடங்கு, அம்புக்கு ஒரு மடங்கு என்று கணக்குத் தப்பினால், திரையின் இடது மேல்மூலையில் சரியாக இருக்கும் அம்பு வலது கீழ்மூலையை நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போகும்.

இவற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணமுண்டு. 'சுட்டி தப்பாகத் தெரிகிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் ஒன்றும் திருந்தாது. எப்படித் தப்பாகத் தெரிகிறது என்பதிலேயே எங்கே தப்பு நடந்தது என்பதும் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் மூலநிரல் திறந்துகிடக்கிறது. படித்து, கண்டுபிடித்து, திருத்தி அனுப்பலாம். பயன்படுத்துகிறவன் வேறு, செய்கிறவன் வேறு என்ற பிரிவினையை உடைக்கும் வாய்ப்பு அங்கே ஓரளவேனும் இருக்கிறது.

5

எக்ஸின் குறை ஒருபுறம் இருக்க, அதன் தாராளம் இன்னொரு ஆபத்து. எக்ஸ் திரையில் இயங்கும் எந்த மென்பொருளும் மற்ற எல்லா மென்பொருளின் சன்னலையும் படமெடுக்கலாம். சுட்டி எங்கே நகர்கிறது என்று பார்க்கலாம். விசைப்பலகையில் என்ன தட்டுகிறோம் என்பதையும் ஒட்டுக்கேட்கலாம். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. இங்கேதான் அந்தப் பழைய ஆட்காட்டி விரல் திரும்ப வருகிறது. கையை எல்லாரும் பார்க்கலாம் என்றால் கல்வியும் நடக்கும், வேவும் நடக்கும்.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இதை மாற்றியது. அதில் ஒரு மென்பொருள் தன் சன்னலை மட்டுமே அறியும். மற்றவற்றைப் பார்க்காது. சுட்டி தன் சன்னலுக்குள் வந்தால்தான் அதன் இடமே தெரியும். உபுண்டு 2017இல் ஒருமுறை வேலண்டை முன்னிருப்பாக வைத்துப்பார்த்துப் பின்வாங்கி, 2021இல் மறுபடி வைத்தது. அப்போது பழைய பதிவுக் கருவிகள் பல ஒரேயடியாகக் குருடாயின. பதிவுசெய்தால் கறுப்புத் திரைதான் கிடைத்தது. இப்போது பதிவு மென்பொருள் நேராகத் திரைக்குப் போகமுடியாது. போர்ட்டல் என்ற வாசலில் நின்று கேட்கவேண்டும். "இந்த மென்பொருள் உங்கள் திரையைப் பார்க்க விரும்புகிறது" என்று நம்மிடம் ஒரு கேள்வி வரும். நாம் சம்மதித்தால் பைப்வயர் என்ற குழாய்வழியாகப் படம் போகும்.

அந்த வாசலில் சுட்டிக்கு மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, மறைத்தல்: படத்தில் சுட்டியே இராது. இரண்டு, பதித்தல்: சுட்டி படத்தோடு சேர்த்தே வரையப்பட்டு வரும், பிரிக்கமுடியாது. மூன்று, குறிப்பாகத் தருதல்: படம் தனி, சுட்டியின் இடமும் உருவமும் தனிக்குறிப்பு, வாங்குகிறவர் தன் விருப்பப்படி ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது அகச்சுட்டு, மூன்றாவது புறச்சுட்டு. நம் இலக்கணப் பிரிவினை அப்படியே பொருந்துவது வேடிக்கைதான். பதித்த சுட்டி தொலையாது. ஆனால் பிற்பாடு அதைப் பெரிதாக்கவோ, வேண்டாத இடத்தில் மறைக்கவோ முடியாது. குறிப்பாக வரும் சுட்டியை எதுவும் செய்யலாம். ஆனால் வாங்குகிற மென்பொருள் ஒட்ட மறந்தால் ஒன்றுமே இல்லை. படம் மாறாமல் சுட்டி மட்டும் நகரும்போது வெறும் குறிப்பு மட்டும் வரும். அதைக் காலிப் பொட்டலம் என்று தூக்கிப்போடும் மென்பொருளில் சுட்டி உறைந்து நின்று, ஏதாவது சன்னல் அசையும்போது திடீரென்று தாவும். பதித்துவந்த படத்தின்மேல் மென்பொருளும் ஒன்றை ஒட்டினால் அதுதான் இரட்டை அம்பு.

ஆகவே சுட்டியை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு எக்ஸில் ஒரு பதில், வேலண்டில் ஒரு பதில். முன்னது, தொழில்நுட்பம் தராததைக் கெட்டித்தனத்தால் எடுத்துக்கொண்டது. பின்னது, அனுமதி கேட்டு வாங்கிக்கொள்வது. எந்த ஏற்பாட்டில் பார்வைக்கு முன்னால் சம்மதம் நிற்கிறதோ அதுவே நமக்கு வேண்டியது. விரல்ரேகைக்குச் சம்மதம் கேட்காத ஆட்சிகளை அனுபவித்த மண் இது. அசௌகரியம் என்பதற்காக அந்தக் கேள்விச்சன்னலைத் திட்டுகிற நண்பர்கள் இதை யோசிக்கவேண்டும்.

6

இனி தமிழுக்கு வருவோம். லினக்ஸையும் பிற கட்டற்ற மென்பொருள்களையும் திரைப்பதிவு வழியே இந்தியமொழிகளில் கற்பிக்கும் பெரிய முயற்சி, மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் நடந்த ஸ்போக்கன் டுடோரியல். மத்திய அரசின் தகவல்தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் பணத்தில் வளர்ந்தது. பத்து நிமிஷ அளவுப் பாடங்கள். திரையின் ஒருபாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறுபாதியில் தானே செய்துபார்ப்பது அவர்கள் சொன்ன முறை. பாடத்தின் எழுத்துப்பிரதி இரண்டு பத்தியாக இருக்கும். இடப்பக்கம் திரையில் என்ன நடக்கிறது, சுட்டி எங்கே நிற்கிறது என்ற குறிப்பு, வலப்பக்கம் பேசவேண்டிய வசனம். கைக்கு ஒரு பத்தி, வாய்க்கு ஒரு பத்தி. ஆசிரியனின் உடலை இவ்வளவு கறாராகப் பிரித்தெழுதிய பாடப்பிரதி வேறெங்கும் கிடைப்பது அரிது.

மொழிபெயர்க்கும்போது வலப்பத்திதான் தமிழாகிறது. படம் மாறுவதில்லை. ஆங்கில வசனத்துக்கேற்ப நகர்ந்த அதே சுட்டியின்மேல் தமிழ்க்குரல் ஏறுகிறது. இங்கே மொழியின் அமைப்பே ஒரு தகராறைக் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் ஏவல்வினை முதலில், பொருள் பின்னால். 'அமுக்கு' என்று சொல்லிக்கொண்டே சுட்டி கிளம்பும், பொருளின் பேர் வரும்போது அதன்மேல் போய் உட்காரும், வாக்கியம் முடியும்போது அமுக்கும். தமிழில் "கோப்புப் பட்டியலில் இருக்கும் சேமி என்பதை" என்று பொருள் முதலில் வந்து, 'அமுக்குங்கள்' கடைசியில் வரும். வினைக்காகக் காத்திருக்கும் காது, வினை வருமுன்பே நடந்து முடிந்துவிட்ட காட்சியைப் பார்க்கிறது. தமிழ் வாக்கியம் நீளம் வேறு. குரல் ஓடிப்பிடிக்கவேண்டும், இல்லையென்றால் படத்தை நிறுத்திவைக்கவேண்டும். ஆங்கிலக்கை, தமிழ்வாய். நம் உயர்கல்வி முழுவதற்குமே பொருந்தும் சித்திரம் இது என்று யாராவது சொன்னால் மறுக்கத் தோன்றவில்லை.

இப்படிச் சொல்வது அந்த முயற்சியைக் குறைத்துப் பேசுவதற்கல்ல. ஆளில்லாத இடத்துக்கு ஒரு குரலையும் ஒரு கையையும் கொண்டுபோய்ச் சேர்த்தது சிறிய காரியமில்லை. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் போன்ற தன்னார்வ முயற்சிகளும் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதிக் கற்பித்து வருகின்றன. நம் கேள்வி வேறு: தமிழ் வாக்கியத்தின் ஓட்டத்துக்குச் சுட்டி நகரும் பாடங்களை, மொழிபெயர்ப்பாக அல்லாமல் தமிழிலேயே தொடங்கி, தமிழிலேயே கை அசைத்து, எவ்வளவு செய்திருக்கிறோம்?

அரசுப் பக்கத்தைப் பார்த்தால், 2011இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. லட்சக்கணக்கில் கொடுத்த அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டுவுக்கும் இடம் கிடைத்தது. கருவி வந்தது, பாடம் வந்தது. காட்டித்தரும் கை வந்ததா?

விருதுநகர் மாவட்டம் 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக முன்வரிசையில் நின்ற மாவட்டம். அதே மாவட்டம்தான் 2018இல் ஒன்றிய அரசு போட்ட பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது; தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இது ஒன்று, ராமநாதபுரம் ஒன்று. மனப்பாடத்தில் முதல், வாழ்வில் பின்தங்கல். கண்மாய் வற்றி, சீமைக் கருவேலம் மண்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் படிப்பு என்பது தப்பிப்பதற்கான வழி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த வழி ஒரு கைபேசித் திரையின் அகலத்துக்குச் சுருங்கியது.

அந்தத் திரையில் சுட்டி எவ்வளவு பெரியது? கணக்குப் பார்க்கலாம். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் வழக்கமான அம்பு 24 புள்ளி. எண்பதில் ஒரு பங்கு. கைபேசியின் அகலம் 14 சென்டிமீட்டர் என்றால் அம்பு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. சிக்னல் மோசமாகி 360 வரிசைப் படத்தை வாங்கினால் அம்பு எட்டுப் புள்ளி. 144 வரிசைக்கு இறங்கினால் மூன்று புள்ளி. நிறத்தைப் பாதி அடர்த்தியில் சேமிக்கும் சுருக்குமுறையில் அதுவும் கலங்கிப்போகும். நொடிக்குப் பதினைந்து சட்டகம் என்று பதிவுசெய்தால் வேகமாக நகர்த்தும் அம்பு பாதியில் காணாமல்போய் வேறிடத்தில் முளைக்கும். பதிவுசெய்தவர் பக்கத்தில் எல்லாம் சரி. நிரலில் பிழையில்லை, சுடுபுள்ளி தப்பவில்லை. இருந்தும் கடைசிப் பிள்ளையிடம் கை போய்ச் சேரவில்லை. 'சரியாகப் பிடித்தல்' என்பதைப் பதிவுசெய்கிறவரின் திரையில் வைத்து அளக்கமுடியாது. மோசமான சிக்னலில், சின்னத்திரையில் பார்க்கிறவரின் கண்ணில் வைத்துத்தான் அளக்கவேண்டும்.

7

செய்யக்கூடியவை எளியவைதான். பதிவுக்கு முன் சுட்டியின் அளவை இரண்டு மடங்காக்குவது. நொடிக்கு முப்பது சட்டகத்துக்குக் குறையாமல் பிடிப்பது. அமுக்கும்போது ஒரு வளையம் தெரியும்படி செய்வது; கேடிஇ திரைச்சூழலில் அதற்கு வசதி உண்டு. திரை முழுவதையும் பிடிக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் பிடிப்பது. வேலண்டில் 'பதித்தல்' நிலையைக் கேட்பது, அல்லது ஓபிஎஸ் போன்ற கருவியில் சுட்டியைக் காட்டும் குறி இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. பத்து நொடி பதிந்து, கைபேசியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது. எல்லாவற்றையும்விட முக்கியம்: பொருளின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, தமிழ் வாக்கியத்தின் வினை வரும்வரை காத்திருந்து, பிறகு அமுக்குவது. தமிழ்க்கைக்கு இந்தப் பொறுமை வேண்டும்.

இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நம் அறிவுஜீவிகள் ஒதுக்கிவிடக்கூடும். அருப்புக்கோட்டைத் தறிகளில் நாடா பாவுக்கு ஊடே ஓடிக்கொண்டே இருக்கிறது. சேலை முடிந்ததும் அதில் நாடாவும் இல்லை, அதை ஓட்டிய கையும் இல்லை. கர்சர் என்ற லத்தீன்சொல்லுக்கு ஓடுபவன் என்றுதான் பொருள். சேலையை உடுத்துகிறவருக்கு நாடா தெரியவேண்டியதில்லை. தறி பழகவந்தவனுக்கு நாடா தெரிந்தே ஆகவேண்டும். நம்மிடம் வந்துசேரும் தொழில்நுட்பம் பெரும்பாலும் உடுத்துகிறவர்களாகவே நம்மை வைத்திருக்க விரும்புகிறது. முடிந்த பொருளைக் காட்டும், செய்த கையைக் காட்டாது. கற்றுக்கொடுப்பது என்பது அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுவது.

தொடப்படாமல் தள்ளிவைக்கப்பட்ட பிள்ளைக்கும், முன்பெஞ்சுப் பிள்ளைக்கும் ஒரே தூரத்தில் நிற்கும் கை, திரையிலிருக்கும் இந்தச் சிறு அம்பு. அது யார் விரலையும் பிடித்து எழுதவைக்காது என்பது அதன் வறுமை. யாரையும் விலக்காது என்பது அதன் நியாயம். அந்த நியாயமாவது முழுசாகப் போய்ச் சேரட்டும் என்று கேட்பது அதிகமா?